மினுங்குகிற ரிம்மும் இருமுகிற பயலும்

"அண்ணாச்சி, ரிம்மு மங்கிப்போயிக் கெடக்கு. ஒரு மணிக்கூர் தாங்க, மூஞ்சி பாத்து தலை சீவலாம்!"

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை ரோட்டோரத்தில் கார் கழுவுகிற, டயர் மாற்றுகிற, டிங்கர் வேலை பார்க்கிற எந்தப் பட்டறையிலும் இந்த மாதிரிப் பேச்சு காதில் விழும். கையில் சுவரில் ஓட்டை போடுகிற சாதாரண ட்ரில்லிங் மெஷின். அதன் வாயில் துளைக்கிற பிட்டுக்குப் பதிலாக ஒரு துணிச் சக்கரமோ, கம்பளிக் குமிழோ, பந்து மாதிரி ஒரு ஸ்பாஞ்சோ. பக்கத்தில் ஒரு டப்பா பாலிஷ். பட்டனை அழுத்தினால் கறுப்பாகச் சேறு தெறிக்கும். துடைத்தால் வெள்ளி மாதிரி மினுங்கும். கல்யாணத்துக்குப் போகிற காரா, விற்பனைக்கு நிற்கிற பழைய காரா, கேரளாவிலிருந்து கைமாறி வந்த காரா, எல்லாவற்றுக்கும் இதுதான் கடைசி அலங்காரம்.

இதில் என்ன தப்பு என்று கேட்கலாம். அலுமினியத்துக்கு மெருகு ஏற்றுவது பாவமா? இல்லை. ட்ரில்லில் பாலிஷ் சக்கரம் மாட்டுவதும் பாவமில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில், இந்த முறையில், இந்தப் பயல்களை வைத்து இது நடக்கிற விதம் இரண்டு பேரை ஏமாற்றுகிறது. ஒருவர் காருக்குச் சொந்தக்காரர். அவருக்குப் போவது காசு மட்டும்தான். இன்னொருவன் ட்ரில்லைப் பிடித்துக் குனிந்து நிற்கிற பதினெட்டு இருபது வயதுப் பையன். அவனுக்குப் போவது நுரையீரல்.

முதலில் காரைப் பார்ப்போம்.

"மேக் வீல்" என்று ஊரில் சொல்கிறார்களே, அது மக்னீசியத்தின் சுருக்கம். பந்தயக் கார்களுக்கு மக்னீசியத்தில் வார்த்த சக்கரங்களுக்கு வந்த பெயர் இன்று அலுமினியச் சக்கரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றைய கார்களில் இருப்பது பெரும்பாலும் அலுமினியமும் சிலிக்கானும் கலந்த உலோகம். இரும்பின் அடர்த்தி 7.8 என்றால் அலுமினியத்தின் அடர்த்தி 2.7தான். எடை குறைவு, அழகான வடிவம் வார்க்கலாம், அதனால்தான் மவுசு.

ஆனால் கம்பெனியிலிருந்து வருகிற அலாய் வீலில் கண்ணில் படுவது வெறும் அலுமினியம் அல்ல. ஒன்று, வெள்ளி நிறப் பெயின்ட் அடித்து அதன்மேல் கண்ணாடி போன்ற லாக்கர் பூசியிருப்பார்கள். அல்லது, லேத்தில் முகத்தைச் சீவி, கோடுகோடாக மின்ன விட்டு, அதன்மேல் லாக்கர் பூசியிருப்பார்கள். இரண்டாவதைத்தான் "டயமண்ட் கட்" என்று விற்கிறார்கள். எப்படியானாலும் மேலே ஒரு லாக்கர் தோல் உண்டு. அந்தத் தோல்தான் சக்கரத்தின் குடை.

ட்ரில் பாலிஷ்காரர் என்ன செய்கிறார்? அந்தக் குடையைக் கிழித்துவிட்டு, "பாத்தீங்களா, எப்படி மின்னுது!" என்கிறார். மின்னத்தான் செய்யும். தோல் உரித்த பழமும்தான் மின்னும். எத்தனை நாளைக்கு?

அலுமினியத்துக்கு இயற்கை ஒரு பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. காற்றுப் பட்ட உடனே அதன்மேல் மிக மெல்லிய ஆக்ஸைடு படலம் படிந்துவிடும். இரும்பு துருப்பிடித்து உதிர்வதுபோல அலுமினியம் உதிராததற்குக் காரணம் இந்தப் படலம். இதற்கு ஒரு பெரிய எதிரி உப்பிலுள்ள குளோரைடு. அது படலத்தில் ஓட்டை போட்டு, உள்ளே குழி பறித்து, வெள்ளைப் பொடியாகப் பூத்து நிற்கும். லாக்கர் ஓரிடத்தில் மட்டும் உடைந்திருந்தால் இன்னும் மோசம். அந்த விளிம்பிலிருந்து லாக்கருக்கு அடியிலேயே புழு ஊர்ந்த தடம் மாதிரி அரிப்பு ஓடும். பல டயமண்ட் கட் ரிம்களில் நெளிநெளியாகத் தெரிகிறதே, அது இதுதான்.

இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தின் வரைபடத்தை மனதில் வையுங்கள். சுமார் 70 கிலோமீட்டர் கடற்கரை. குளச்சல், முட்டம், மணக்குடி, சின்னமுட்டம் என்று வரிசையாகக் கடலோர ஊர்கள். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கிற மண். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசுகிற காற்றை நம்பி முப்பந்தலில் காற்றாலைகள் கூட்டமாக நிற்கின்றன என்றால் அந்தக் காற்றின் வேகத்தைச் சொல்லத் தேவையில்லை. உப்பும் ஈரமும் மணலும் காற்றும் ஒன்றாகச் சேர்ந்த இப்படிப்பட்ட ஊரில், லாக்கரை உரித்து வெறும் அலுமினியத்தை வெளியே நிறுத்துவது, அடைமழையில் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பதற்குச் சமம்.

சில வாரங்களில் மங்கும். திரும்பவும் பட்டறை. திரும்பவும் ட்ரில். "இது அடிக்கடி செய்யணுமாக்கும் அண்ணாச்சி" என்று அப்போதுதான் சொல்வார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. "மெருகு ஏற்றுவது நாஞ்சில் நாட்டுக்குப் புதுசா? வடசேரியில் செய்கிற கோயில் நகைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனைத் தரையில் முகம் பார்க்கலாம். வீட்டுக் குத்துவிளக்கை வாரந்தோறும் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். கார் சக்கரத்தைத் தேய்த்தால் மட்டும் குற்றமா?" என்று.

நல்ல கேள்விதான். ஆனால் பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. வடசேரி நகை கோயில் பெட்டகத்திலும் நாட்டியக்காரர் பெட்டியிலும் இருக்கும். குத்துவிளக்கு கூரைக்கடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு நிற்கும். அரண்மனைத் தரையில் செருப்புக் கால் படுவதில்லை. கார் சக்கரமோ கிலோமீட்டருக்கு 500 தடவைக்கு மேல் சுற்றிக்கொண்டு சேற்றிலும் உப்புத் தண்ணீரிலும் பிரேக் சூட்டிலும் ஓடுகிறது. அதோடு, பித்தளைக்கு ஒத்துக்கொள்கிற வைத்தியம் அலுமினியத்துக்கு ஒத்துக்கொள்ளாது. அடுப்புச் சாம்பல் காரத்தன்மை உள்ளது; காரம் அலுமினியத்தின் ஆக்ஸைடு படலத்தைக் கரைத்துவிடும். கடுமையான அமிலமும் அப்படித்தான். விளக்கு தேய்த்த கை ரிம் தேய்க்கவும் தெரிந்த கை ஆகிவிடாது. மெருகு தெரிந்த ஊர் என்று பெருமைப்படுகிறவர்கள், எந்த உலோகத்துக்கு எந்த மெருகு என்றும் தெரிந்திருக்க வேண்டாமா?

சரி, கார் போகட்டும். காசு கொடுத்தவர், காசு விட்டார். இனி அந்தப் பையன்.

ட்ரில்லிங் மெஷின் எதற்காகச் செய்யப்பட்டது? நேராக அழுத்தித் துளைப்பதற்கு. அதன் பேரிங்குகள் முன்னும் பின்னும் வருகிற அழுத்தத்தை எதிர்பார்த்து வைக்கப்பட்டவை. பாலிஷ் போடும்போது பக்கவாட்டில் அழுத்துகிறார்கள். மணிக்கணக்கில் அப்படி அழுத்தினால் பேரிங் ஆடும், சக்கரம் அதிரும். அந்த அதிர்வு முழுக்கக் கைக்குப் போகும். அதிர்கிற கருவியை வருடக்கணக்கில் பிடிப்பவர்களுக்கு விரல்களில் ரத்த ஓட்டம் குறைந்து, மரத்து, வெளுத்துப் போகிற நோய் மருத்துவ உலகில் நன்றாகத் தெரிந்த ஒன்று.

வேகக் கணக்கையும் பாருங்கள். சாதாரண ட்ரில் நிமிடத்துக்கு 2800 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அதில் 10 சென்டிமீட்டர் அகலத் துணிச் சக்கரம் மாட்டினால் அதன் விளிம்பு நொடிக்குச் சுமார் 15 மீட்டர் வேகத்தில் ஓடும். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் கையில் கட்டிய சாமிக் கயிறோ, கழுத்துச் சங்கிலியோ, லுங்கி முந்தியோ, தளர்ந்த நூல் கையுறையோ சிக்கினால் என்ன ஆகும்? சில இடங்களில் "சீக்கிரம் முடியட்டும்" என்று அதே சக்கரத்தை நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடுகிற ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுகிறார்கள். அப்போது விளிம்பு வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். அந்தத் துணிச் சக்கரம் அந்த வேகத்துக்குத் தைக்கப்பட்டதா என்று யாராவது அட்டையைத் திருப்பிப் பார்த்ததுண்டா?

அதோடு தண்ணீர். உப்புத்தாள் போட்டு ஈரமாகத் தேய்த்த தரையிலேயே, வெறுங்காலோடு, ஒட்டுப்போட்ட வயரில் மின்சார ட்ரில்லை ஓட்டுவது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது தூசி. அந்தத் தூசியில் என்னென்ன இருக்கிறது?

ஒன்று, அலுமினியப் பொடி.

இரண்டு, பாலிஷ் கட்டியின் பொடி. உலோகம் தேய்க்கிற பழுப்பு நிறக் கட்டிகளில் "ட்ரிப்போலி" என்று ஒரு வகை உண்டு. அதன் முக்கியப் பொருள் சிலிக்கா. சிலிக்காத் தூசி நுரையீரலில் படிந்தால் வருவது சிலிகோசிஸ். வந்தால் திரும்பாது. குஜராத்தின் கம்பத்தில் அகேட் கல்லுக்கு மெருகு ஏற்றுகிறவர்களை இந்த நோய் தலைமுறை தலைமுறையாகத் தின்றிருக்கிறது. கல்லில் மெருகு ஏறியது, தேய்த்தவர்களின் மூச்சு இறங்கியது. ரிம் தேய்க்கிறவன் விழுங்குகிற அளவு அவ்வளவு இல்லை என்பது உண்மை. ஆனால் குறைவான விஷம் என்பதற்காக அதை யாரும் காப்பியில் கலந்து குடிப்பதில்லை.

மூன்று, பிரேக் தூசி. சக்கரத்தில் கறுப்பாக ஒட்டியிருப்பது பிரேக் பேடு தேய்ந்து வந்த பொடி. அதைக் கழுவாமல் ட்ரில்லை வைத்தால் அது அப்படியே மூக்குக்கு வரும். கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸுக்குப் பல நாடுகள் முழுத் தடை போட்டுவிட்டன. இந்தியாவில் அப்படி ஒரு முழுத் தடை இல்லை. சந்தையில் கிடைக்கிற மலிவான பிரேக் பேடில் அது இருக்கிறதா இல்லையா என்று பட்டறைப் பையனுக்கு எப்படித் தெரியும்?

இதற்கெல்லாம் அவனிடம் இருக்கிற ஒரே பாதுகாப்பு, மூக்கைச் சுற்றிக் கட்டிய கைக்குட்டை. நுரையீரலின் ஆழத்துக்குப் போகிற நுண்துகளுக்குக் கைக்குட்டை என்பது மீன்வலையில் மாவு சலிப்பது மாதிரி.

"இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? ரிம் தேய்த்து யார் செத்தார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. செத்திருக்கிறார்கள்.

2014 ஆகஸ்ட் 2. சீனாவின் ஜியாங்சு மாகாணத்திலுள்ள குன்ஷான் நகரம். அங்கே ஒரு தொழிற்சாலையின் வேலை கார் சக்கரங்களுக்கு மெருகு ஏற்றுவது. காலை ஷிப்ட் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அலுமினியத் தூசி வெடித்தது. சாவுக் கணக்கு கடைசியில் 146இல் போய் நின்றது. விசாரணையில் தெரிந்தது என்ன? தூசி சேகரிக்கும் அமைப்பை நெடுநாளாகச் சுத்தம் செய்யவில்லை. துருப்பிடித்த தூசித் தொட்டிக்குள் ஈரம் போயிருக்கிறது. அலுமினியப் பொடியும் ஈரமும் சேர்ந்தால் சூடு கிளம்பும். அந்தச் சூடு போதுமானதாக இருந்தது. பொறுப்பானவர்களுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது, ஆனால் 146 பேர் திரும்பவில்லை.

அதற்கு முன்பே 2003 அக்டோபர் 29 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹண்டிங்டன் என்ற ஊரிலிருந்த அலுமினியச் சக்கரத் தொழிற்சாலையிலும் தூசி வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார்.

மார்த்தாண்டம் பட்டறையில் ஒரு ட்ரில்லால் குன்ஷான் அளவுக்குத் தூசி சேராது. அதைச் சேரும் என்று சொன்னால் அது பொய். ஆனால் குணம் ஒன்றுதான். அலுமினியப் பொடியும் இரும்பு கிரைண்டிங் பொடியும் ஒரே மூலையில் கூட்டித் தள்ளப்பட்டு, பக்கத்திலேயே வெல்டிங் பொறி பறந்து, மேலே ஓட்டைத் தகரத்திலிருந்து மழை ஒழுகுகிற பட்டறைகள் இல்லையா? அலுமினியமும் இரும்புத் துருவும் பொடியாகக் கலந்தால் அது தெர்மிட். தண்டவாளத்தை ஒட்டவைக்க ரயில்வேயில் பயன்படுத்துகிற அதே கலவை. இதைப் பத்தாம் வகுப்பு வேதியியலில் படித்துவிட்டுப் பரீட்சை எழுதியதோடு மறந்தாயிற்று.

சட்டம் என்ன செய்கிறது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்றது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணை 20 ஆக்கியது. ஒரு மேஸ்திரியும் இரண்டு பையன்களும் இருக்கிற பட்டறை 10க்கும் வராது, 20க்கும் வராது. தூசி எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டா நுரையீரலுக்குள் போகிறது?

ஆகவே இன்ஸ்பெக்டர் வருவார் என்று காத்திருப்பதில் பயனில்லை. செய்ய வேண்டியது வாடிக்கையாளரும் பட்டறை முதலாளியும்தான். அதுவும் கஷ்டமான காரியம் அல்ல.

முதலில், ரிம்மைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பாதி மங்கல் அதிலேயே போய்விடும். பிறகு ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் மெட்டல் பாலிஷ் தொட்டு மறைவான மூலையில் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அது வெறும் அலுமினியம், மெருகு ஏற்றலாம். துணி கறுக்காவிட்டால் மேலே லாக்கர் இருக்கிறது. அங்கே ட்ரில்லுக்கு வேலையே இல்லை. காரின் உடம்புக்குப் போடுகிற மெழுகைக் கையால் போட்டால் போதும்.

லாக்கர் ஏற்கெனவே உரிந்து, புழுத் தடம் ஓடியிருந்தால், அதை முழுதாக நீக்கித் திரும்பவும் பெயின்டும் லாக்கரும் அடிப்பதுதான் இந்தக் கடற்காற்றுக்கு மரியாதையான வைத்தியம். மின்னல் குறைவாக இருக்கும், ஆனால் நிற்கும்.

வெறும் அலுமினிய ரிம்தான், மின்னத்தான் வேண்டும் என்றால், சக்கரத்தைக் கழற்றி வெளியே எடுத்துச் செய்யுங்கள். வண்டியில் இருக்கும்போதே தேய்த்தால் பாலிஷ் எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் தெறிக்கும். முகம் பார்க்கிற சக்கரம் அவசரத்துக்கு நிற்காது. வண்டியை ஜாக்கியில் தூக்கி, இஞ்சினை ஓடவிட்டு, சுற்றுகிற சக்கரத்தில் தேய்க்கிற வித்தையை யாராவது காட்டினால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். உள்பக்கம் ஒட்டிய பேலன்சிங் எடை கழன்றால் திரும்பப் பேலன்ஸ் பாருங்கள். கல்லில் உரசிய ஆழமான காயத்தைத் தேய்த்தே காணாமல் ஆக்குவேன் என்று விளிம்பைக் கரைக்கவும் விடாதீர்கள். டயர் காற்றைப் பிடித்து நிற்கிற இடம் அது.

பையனுக்கு: என்95 மாஸ்க், கண்ணாடி, உடம்போடு ஒட்டிய சட்டை, கையில் கயிறும் சங்கிலியும் இல்லாமை. சிலிக்கா இல்லாத, அலுமினியம் ஆக்ஸைடு கலந்த பாலிஷ். வேகத்தைக் குறைத்து ஓட்டக்கூடிய ட்ரில், முடிந்தால் பேட்டரி ட்ரில். பாதி நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு. உலர்ந்த தூசியைக் காற்றடித்துப் பறக்கவிடாமல் தினமும் கூட்டி, இரும்புத் தூசியோடு கலக்காமல் தனியே அள்ளுதல். 2020இல் கொரோனா வந்தபோது ஊர் முழுக்க மாஸ்க் போடக் கற்றுக்கொண்டது. பட்டறைக்குள் மட்டும் அது ஏன் நுழையவில்லை?

"அந்தப் பயலே போட மாட்டேங்கானே, மூச்சு முட்டுதுங்கான்" என்று முதலாளிகள் சொல்வார்கள். உண்மையாகவே இருக்கட்டும். மாஸ்க் போட்டால் வேலை மெதுவாகும், இடையிடையே கழற்ற வேண்டிவரும். ஒரு மணிக்கூரில் நான்கு ரிம்மும் முடியாது. அதனால் கூலியை வேலைக் கணக்கில் அல்லாமல் நேரக் கணக்கில் கொடுக்க வேண்டும். பிரச்சினை மூச்சில் இல்லை, கூலியில் இருக்கிறது. ஒரு ரிம்முக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு, மாஸ்க் போட்டு மெதுவாகச் செய் என்றால் எவன் செய்வான்?

சுயதொழில் செய்து பிழைக்கிறவர்கள் வயிற்றில் அடிக்கலாமா என்பது கடைசி வாதம். யாரும் அடிக்கவில்லை. கழுவுகிற வேலை இருக்கிறது, லாக்கர் அடிக்கிற வேலை இருக்கிறது, முறையாக மெருகு ஏற்றுகிற வேலையும் இருக்கிறது. எல்லாம் இப்போது வாங்குவதைவிடக் கூடுதல் கூலிக்குரிய வேலைகள். டி.என். 74, டி.என். 75 நம்பரில் ஓடுகிற கார்களின் சொந்தக்காரர்கள் அந்தக் கூடுதல் கூலியைக் கொடுக்க முடியாதவர்கள் அல்ல. அலாய் வீலுக்குக் காசு இருந்தவர்களுக்கு ஒரு மாஸ்க்குக்குக் காசு இருக்காதா?

இனி பட்டறையில் வண்டியை நிறுத்தும்போது "எவ்வளவு மின்னும்?" என்று கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். "இதில் லாக்கர் இருக்கா?" "தேய்க்கிற தம்பிக்கு மாஸ்க் இருக்கா?" இரண்டில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும், மங்கின ரிம்மோடேயே வீட்டுக்குப் போங்கள். மங்கின ரிம்மும் அதே வேகத்தில்தான் உருளும்.